ஐந்தாவது திருகாணி

அரிசோனாவில், க்வார்ட்சைட் பாலையில் பிப்ரவரி.
பகலில் சட்டைக் கையை மடிக்கவைக்கும் வெயில்,
இரவில் தண்ணீர்க் குழாயை உறையவைக்கும் குளிர்.
எங்கள் மோட்டார் வீடு நிற்கிறது
இடப்பக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையோடு.
அதற்கு வயது இருபத்தெட்டு. எங்கள் கைக்கு வந்து பதினொன்று.

ஓட்டுநர் இருக்கைக்கும் என் இருக்கைக்கும் நடுவில்,
தலைக்கு மேல், ஓக் மர அலமாரிக்குள்
அந்தக் காலத்துப் பெட்டித் தொலைக்காட்சி.
வண்டியைக் கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டியது.
நாற்பது கிலோ.
ஆரின் எழும்போதெல்லாம் அதன் கீழ் விளிம்பு
அவன் நெற்றியில் ஒரு முட்டு வைக்கும்.
போன வாரம், யூமாவிலிருந்து வந்த இரவு,
படம் ஒரு கோடாகச் சுருங்கியது,
கோடு புள்ளியானது,
புள்ளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போனது.

"நாலு திருகாணி," என்றான் ஆரின்.
"அரை மணி நேர வேலை."
நாற்பத்தோரு வருடமாக இவனோடு இருக்கிறேன்.
இவனுடைய அரை மணி நேரங்களை மட்டும்
கூட்டி வைத்திருந்தால்
இன்னொரு ஆயுள் வாழ்ந்திருக்கலாம்.

நாலும் வந்தன.
பெட்டி அசையவில்லை.
தோளைக் கொடுத்துத் தள்ளினான்.
வண்டியே ஆடியது, கோப்பைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன,
பெட்டி அசையவில்லை.

பக்கத்து வண்டி டெல்மர் வந்தார்,
ஒரு கையில் காப்பி, மறு கையில் கருத்து.
பின்னாலேயே அவர் மனைவி இமோஜீன்.
பிறகு ஒரு கனடாக்காரர், பெயர் கேட்க மறந்துவிட்டோம்,
பட்டப்பகலில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு.
ஐந்தாவது திருகாணியைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.
கம்பளத் துணிக்குப் பின்னால், மேலிருந்து கீழாக,
எந்த ஆண் கையும் நுழையாத இடத்தில்.

இமோஜீனின் மணிக்கட்டு நுழைந்தது.
கால் கால் சுற்றாக அவள் திருப்பத் திருப்ப
நாங்கள் நால்வரும் மூச்சடக்கி
அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அந்தப் பெட்டியில் எந்த இறுதி ஆட்டத்தையும்
நான் அப்படிப் பார்த்ததில்லை.

இறக்கி சோபாவில் வைத்தோம், விருந்தாளி மாதிரி.
காலி அலமாரியின் உள்சுவரில் பென்சில் கணக்கு.
ஒரு எண், அதை அடித்து இன்னொரு எண்,
அதன் கீழே: "அப்பாடா, வெள்ளிக்கிழமை."
இந்தியானாவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில்
யாரோ ஒருவன் வீட்டுக்குப் போகும் அவசரம்.
அவன் அளவில் பிழையில்லை.
கதவைத்தான் வேறு யாரோ அளந்திருக்கிறார்கள்.
எப்படிப் புரட்டினாலும் பெட்டி இருபது அங்குலத்துக்குக் குறையவில்லை,
கைப்பிடிக் கம்பி போக கதவு பத்தொன்பதரை.

டெல்மரின் கருத்து தீர்ந்துபோனது.

பின்பக்கப் படுக்கையறையில் ஆபத்துக்கால ஜன்னல் ஒன்று.
தீப்பிடித்தால் குதிப்பதற்கு.
பதினொரு வருடத்தில் முதல் முறையாக
அந்தச் சிவப்புப் பிடியை இழுத்தோம்.
எங்கள் படுக்கையின் மேல், என் தலையணையின் மேல்,
நாலு பேர் கை மாற்றி,
முன்வாசல் வழி போக முடியாதது
பின்ஜன்னல் வழி இறங்கியது.
ஆனை போயிற்று, வால் மாட்டிற்று:
மின்கம்பி ஜன்னல் கீலில் சிக்கிக்கொண்டு
கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தது.

புதியது சிலேட்டுக் கனம்.
ஆரின் ஒற்றைக் கையில் தூக்கிவந்தான்.
நாலே திருகாணி. நிஜமாகவே அரை மணி நேரம்.
முடித்துவிட்டு, ஏமாற்றப்பட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.
அதன் பின்னால் ஒரு ஆள் சுருண்டு படுக்கும் அளவுக்கு வெற்றிடம்.
கம்பளிகளை வைக்கலாம் என்றான்.
இரு, பார்க்கலாம் என்றேன்.
அன்றிரவு யாரும் எதையும் போடவில்லை.
காற்று அந்த இடத்துக்குள் புகுந்து புகுந்து பார்த்தது.

அலமாரிக்கு இப்போது நீட்டிய விளிம்பு இல்லை.
காலையில் இருக்கையிலிருந்து எழுந்தவன்
குனிந்தான்.
"அங்கே ஒன்றுமில்லை," என்றேன்.
"தெரியும்," என்றான், குனிந்தபடியே.

நான் ஐந்தடி. அந்தப் பெட்டி
என்னை ஒரு நாளும் தொட்டதில்லை.
நேற்று காப்பிப் பாத்திரத்தோடு அந்தப் பக்கம் போனேன்.
நானும் குனிந்தேன்.